சந்துச் சுவருக்குப் பிளாஸ்டிக் புல்லா?

ஆவணி முகூர்த்தத்துல ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போயிருந்தேன். தி.நகரில் மண்டபம், மந்தைவெளியில் அண்ணன் வீட்டில் தங்கல். கல்யாணத்துக்கு வேண்டிய வெற்றிலை நம்ம கொடிக்கால்லேர்ந்துதான். முப்பது கவுளி. ஈரச் சாக்குல சுத்தி, ராத்திரி பஸ்ஸில் மடியிலேயே வெச்சுக்கிட்டுப் போனேன். (கவுளின்னா நூறு வெற்றிலை. இப்ப நிறைய பேருக்குத் தெரியறதில்லை, அதான் சொல்றேன்.)

மறுநாள் காலையில காபி டம்ளரோட பால்கனியில் நிக்கிறேன், கீழே ட்ரில் போடற சத்தம். எட்டிப் பார்த்தா, பக்கத்து அடுக்ககத்துக்கும் இதுக்கும் நடுவுல இருக்கற அஞ்சடிச் சந்துல ரெண்டு பசங்க ஏணி போட்டு, சுவர் முழுக்க பச்சைப் பச்சையா பாய் மாதிரி எதையோ அடிச்சுக்கிட்டிருக்காங்க. இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக் புல். நடுநடுவுல பிளாஸ்டிக் இலை, நாலு பிளாஸ்டிக் பூ.

அந்தச் சுவர்ல மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் கொண்டுவந்த வெற்றிலைக் கொடி இருந்துச்சு. அண்ணி ஆசைப்பட்டாங்கன்னு நாலு விதைக்கொடி ஊர்லேர்ந்து வெட்டியாந்து நட்டுக்கொடுத்தேன். போன தடவை போனப்ப முதல் மாடி ஜன்னலைத் தொட்டிருந்தது.

"அண்ணி, கொடி எங்கே?"

"வெட்டிட்டாங்க தம்பி. சுவர் பாழாகுதாம், கொசு வருதாம், பாம்பு வந்தா யார் பொறுப்புன்னு கேட்டாங்க. மீட்டிங்ல நான் ஒருத்திதான் வேணும்னேன்."

அந்த அடுக்ககத்துச் சங்கத்து மேல எனக்குக் கோபம் இருக்கு, மறைக்கலை. ஆனா நான் எழுத வந்தது அவங்களைப் பத்தி இல்லை. அடுத்த ரெண்டு நாள் மயிலாப்பூர், தி.நகர், அடையாறுன்னு சொந்தக்காரங்க வீடா ஏறி இறங்கினதுல, எல்லா இடத்துலயும் இதே சந்து, இதே இருட்டுச் சுவர், இதே கேள்வி. "இங்க வெயிலே வராதே, என்னதான் வளரும்? அதான் பிளாஸ்டிக்கே போட்டுட்டோம்." இல்லேன்னா மணிபிளான்ட். இல்லேன்னா ஒரு கம்பெனிக்காரங்க சதுர அடிக்கு ஐந்நூத்துச் சொச்சம்னு விலை சொல்லி மாட்டிட்டுப் போன குட்டிக் குட்டித் தொட்டிகள்.

நிழல்ல என்ன வளரும்னு கேக்கறீங்களே, கொடிக்கால்காரன்கிட்டயா?

எங்க ஊர், பாபநாசம் ராஜகிரி பக்கம், வெற்றிலை போடறதுன்னா முதல்ல போடறது வெற்றிலை இல்லை, நிழல். பாத்தி எடுத்து அகத்தி விதைப்போம். அது ஆள் உசரத்துக்குக் கிட்ட வர ரெண்டு மாசம் போலக் காத்திருப்போம். அப்புறம்தான் அதன் காலடியில் வெற்றிலைக் கொடி நடறது. அகத்தி ரொம்ப அடர்ந்தா கிளை கழிக்கணும், ஆட்டுக்குப் போகும். ரொம்ப மெலிஞ்சா வெயில் இறங்கி இலை பழுத்துடும். வருஷம் பூரா நாங்க காசு கொடுத்து ஆள் வெச்சுப் பார்க்கற வேலையில் பாதி, வெயிலை வடிகட்டற வேலைதான். உங்களுக்கு அந்த நிழல் இனாமா கிடைச்சிருக்கு. நாலு மாடி உசரத்துக்குக் கான்கிரீட்டுல கட்டிக் கொடுத்திருக்காங்க. அதைப் போய் குறைன்னு சொல்லி, வெயில் இல்லையேன்னு அழுது, பிளாஸ்டிக் அடிக்கறீங்க.

ஒரு காலத்துல இந்த ஊர் நிழல் மரத்து நிழலா இருந்திருக்கும். 2016 டிசம்பர்ல வர்தா அடிச்சு மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ஞ்சப்ப நான் இங்கதான் இருந்தேன். அப்புறம் வெறும் கட்டடத்து நிழல்தான் பாதித் தெருவுல. அந்த நிழலையாவது சும்மா விடலாமா?

சரி, திட்டிட்டே இருந்தா எப்படி. முதல்ல உங்க சுவர் நிஜமாவே நிழல் சுவரான்னு பாருங்க. இதுல படிச்சவங்களே தப்பு பண்றாங்க. "எங்களுது வடக்குப் பார்த்த சுவர், வெயிலே வராது"ம்பாங்க. அது டெல்லிக்காரனுக்கு, அதுவும் உச்சி வேளைக்கு மட்டும், சரி. சென்னையில், சித்திரை பத்து பன்னெண்டு தேதியிலேர்ந்து ஆடி முடியற வரைக்கும் உச்சி வேளைச் சூரியன் நம்ம தலைக்கு வடக்கே போகுது. அந்த நாலு மாசமும் வடக்குச் சுவர்ல காலையும் மாலையும் சாய்வா வெயில் அடிக்கும், மத்தியானம் சுவரை உரசிக்கிட்டு இறங்கும். அக்னி நட்சத்திரமும் அதுக்குள்ளதான் வருது. மார்கழியில் போய்ப் பார்த்துட்டு, இது நிழல்னு முடிவு பண்ணி ஒரு மென்மையான கொடியை வெச்சா, மே மாசம் கருகிடும். அப்புறம் கொடி மேல பழி.

நிஜமான நிழல் சுவர்னா ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல மாட்டிக்கிட்ட சந்துச் சுவர். அதுலயும் ஒரு அளவு இருக்கு. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு அந்தச் சந்துல நின்னு, லைட் போடாம, பேப்பர்ல வர்ற வரி விளம்பரத்தைப் படிக்க முடியுதா? முடிஞ்சா வெற்றிலை வரும். கண்ணைச் சுருக்கித் தலைப்பு மட்டும்தான் படிக்க முடியுதுன்னா மணிபிளான்ட்டோட நிறுத்திக்கோங்க. தலைப்பே தெரியலைன்னா சுண்ணாம்பு அடிங்க. வெள்ளைச் சுவர் இருட்டுச் சந்துக்குச் செய்யற உதவியை எந்தச் செடியும் செய்யாது. பிளாஸ்டிக் புல்லும் செய்யாது. இருக்கற வெளிச்சத்தையும் அது குடிச்சுடும்.

மணிபிளான்ட்டை நான் எதிரின்னு சொல்லலை. பசிபிக் கடல்ல மோரியான்னு ஒரு தீவு, அங்கேர்ந்து கிளம்பி உலகம் பூரா வந்துடுச்சு. தண்ணி பாட்டில்ல போட்டாலும் உசுரோட இருக்கும். திருடி வெச்சாதான் வளரும்னு ஒரு கதை வேற. சாகாத செடி வேணும்கறவங்களுக்கு அது சரி. ஆனா அதோட சாறு வாயில பட்டா எரியும், நாக்கு வீங்கும். குழந்தை, நாய், பூனை இருக்கற வீட்டுல கைக்கெட்டற உசரத்துல விடாதீங்க. இன்னொண்ணு, மண்ணுல வேர் விட்டுச் சுவர்ல ஏறிட்டா, ஜாடியில் பார்த்த அந்தச் சின்ன இலை சேப்பங்கிழங்கு இலை அளவுக்குப் போகும், தண்டு கட்டைவிரல் தடிமன் ஆகும். அப்ப பிடுங்கறது சுலபம் இல்லை.

இன்னொரு மோகம் பால்கனியிலேர்ந்து தொங்கற கர்ட்டன் க்ரீப்பர். அடையாறில் தெருவுக்கு நாலு கட்டடத்துல பார்த்தேன். பார்க்க லட்சணம்தான். ஆனா அது மேலேர்ந்து கீழே தொங்கற செடி, கீழேர்ந்து ஏறற செடி இல்லை. வெயிலும் வேணும் அதுக்கு. சந்துல வெச்சா நூல் நூலா நீண்டு, நடுவுல மொட்டையா நிக்கும். முல்லை, சங்குப்பூ, ரங்கூன் மல்லி எல்லாம் அதே கதை; நிழல்ல இலை வரும், பூ வராது. பூக்காத முல்லையை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?

கொடியைத் தேர்ந்தெடுக்கறதுல முதல் கேள்வி பேரோ பூவோ இல்லை, அது எப்படி ஏறுதுங்கறது. வெற்றிலை, மிளகு, மணிபிளான்ட் எல்லாம் கணுவுல வேர் விட்டுச் சுவரைப் பிடிச்சுக்கும். சீந்தில் கயிறு மாதிரிச் சுத்தும். அதுக்குச் சுவர் உதவாது, கயிறோ கம்பியோ கட்டணும். பிரண்டை, கோவை, முடக்கத்தான் எல்லாம் பற்றுக்கம்பி நீட்டிப் பிடிக்கற ஜாதி. வலை கட்டினா போதும். தூதுவளை முள்ளால மாட்டிக்கிட்டு மேல சாயும், அவ்வளவுதான். இது தெரியாம வழவழன்னு எமல்ஷன் அடிச்ச சுவர்ல கோவைக்கொடியைச் சாய்ச்சு வெச்சுட்டு, ஏறலையேன்னு போன் பண்றார் ஒரு நண்பர்.

நிழலுக்குன்னு நான் சொல்றது வெற்றிலைதான். அதுக்கு அடுத்து சீந்தில். ஓரளவு வெளிச்சம் வர்ற முனையில பிரண்டை, தூதுவளை, கொடிப்பசலை. மிளகும் ஏறும், இலை அழகா இருக்கும், ஆனா சென்னையில காய்க்கும்னு நான் வாக்கு கொடுக்க மாட்டேன். நர்சரியில வெற்றிலைன்னு சொல்லி மிளகைக் கொடுத்துடறாங்க, ரெண்டும் ஒரே குடும்பம். ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து, ஓரத்தைக் கிள்ளி வாயில போட்டுப் பாருங்க. வெற்றிலையோட காரம் உங்க நாக்குக்குத் தெரியும்.

பிரண்டைக்கு நர்சரியே வேண்டாம். மயிலாப்பூர் மாடவீதியில கீரை விக்கற பாட்டிகிட்ட ஒரு கட்டு வாங்கி, பாதியைத் துவையல் அரைச்சுட்டு, மீதியில ரெண்டு கணு இருக்கற துண்டா வெட்டி மண்ணுல சொருகுங்க. சீந்திலும் அப்படித்தான். வெட்டித் தொங்கவிட்டாலும் காத்துலேயே நூல் மாதிரி வேர் இறக்கற ஜென்மம் அது. ஆனா கடையில வாங்கின வெற்றிலையைத் தண்ணியில போட்டு வேர் வருமான்னு காத்திருக்காதீங்க. இலை மட்டும் கொடி ஆகாது. கணு வேணும், மூணு நாலு கணு இருக்கற தண்டு வேணும்.

மண்ணைப் பத்தி ஒண்ணு. உங்க ஊர் ஒரே ஊர் இல்லை. சாந்தோம், அடையாறு, திருவான்மியூர்ப் பக்கம் மணல். தி.நகர், மேற்கு மாம்பலம் களிமண். தி.நகரே 1920கள்ல மாம்பலம் ஏரியைத் தூர்த்து எடுத்த ஊர்தானே. மணல்ல ஊத்தின தண்ணி நிக்காது; குழியில ஒரு கூடை மக்கின எருவும் தென்னைநார்க் கழிவும் போட்டாகணும். களிமண்ணுல தண்ணி போகாது. ஐப்பசி கார்த்திகையில ரெண்டு நாள் வேர் ஊறினா போதும், வாடல் நோய் வந்து கொடி முழுக்க ஒரே வாரத்துல கருத்துச் சரிஞ்சுடும். நான் சொல்றது அனுபவிச்சுச் சொல்றது. ஒரு வருஷம் அரைக் கொடிக்கால் அப்படிப் போச்சு எனக்கு. தி.நகர்க்காரங்க முழங்கால் உசரத்துக்கு மேடு கட்டி அதுல நடுங்க. மழைநீர் சேகரிப்புக் குழி இருந்தா அதுக்கு மேல நடாதீங்க. 2003ல் கட்டாயமாக்கினப்ப கட்டின குழியில பாதி இப்ப எங்க இருக்குன்னே யாருக்கும் தெரியலை. தோண்டறதுக்கு முன்னாடி பழைய வாட்ச்மேன் யாரையாவது கேளுங்க.

மண்ணே இல்லை, எல்லாம் சிமெண்ட் கல்னு சொல்லாதீங்க. ஒரு கல்லை மட்டும் எடுங்க. ஒரு கொடிக்கு ஒரு சதுர அடி மண் போதும். இங்கதான் எனக்கு அந்தக் குட்டித் தொட்டிச் சுவர் மேல கோபம். மேம்பாலத் தூண்கள்ல மாநகராட்சி வெச்சதைப் பார்த்து வீட்டுக்கு வீடு ஆசை வந்துடுச்சு. ஒரு கைப்பிடி மண்ணுல நூத்துக்கணக்கில செடி, அதுக்கு ஒரு மோட்டார், ஒரு குழாய், ஒரு டைமர். மோட்டார் நின்னா ரெண்டே நாள்ல காய்ஞ்சு கிடக்கும். காய்ஞ்சதை எடுத்துட்டுப் புதுசு வைக்க மாசாமாசம் ஆள் வரணும், அவருக்குக் காசு. கொடி ஒரே இடத்துல வேர் ஊனி முப்பதடிச் சுவரைத் தானே மூடும். ஒரு சொம்புத் தண்ணியை ஒரே இடத்துல ஊத்தினா போதும்.

தண்ணிக்கு வருவோம். கடலோரமா போர் தண்ணி உப்பு, வெற்றிலைக்கு ஆகாது, இலை ஓரம் தீஞ்சு போகும். ஆர்.ஓ. மெஷின் தள்ளற கழிவுத் தண்ணியும் வேணாம், அதுல உப்பு இன்னும் கூடுதல். ஏசியிலேர்ந்து சொட்டற தண்ணி இருக்கே, அது கிட்டத்தட்ட மழைத் தண்ணி மாதிரி. சந்துல பத்து ஏசி சொட்டுது, எல்லாம் சிமெண்ட் மேல விழுந்து பாசி பிடிக்குது. ஒரு குழாய் போட்டுக் கொடிக்கு விடுங்க. ஆனா ஏசியோட வெளிப்பெட்டி ஊதற சூடான காத்துக்கு நேரா கொடியை விடாதீங்க, வெந்துடும்.

இப்ப அண்ணியோட மீட்டிங்குக்கு வர்றேன். மூணு குற்றச்சாட்டு.

சுவர் பாழாகும்னாங்க. பழைய மயிலாப்பூர் வீடுகள்ல சுண்ணாம்புக் காரை உதிர்ந்துக்கிட்டு இருக்கற சுவர்னா, ஒத்துக்கறேன். வேர்விட்டு ஒட்டற கொடியைப் பிடுங்கினா காரையும் சேர்ந்து வரும். அங்க சுவரைவிட்டு அரையடி தள்ளிக் கம்பி வலை கட்டி அதுல ஏத்துங்க. ஆனா சுவரைப் பிளக்கறது வெற்றிலை இல்லை. காக்கா எச்சத்துல வந்து விரிசல்ல முளைக்கற அரசும் ஆலும்தான். அதை மொட்டை மாடிப் பைப் ஓரத்துல எல்லாக் கட்டடத்துலயும் பார்த்தேன், அதைப் பத்தி மீட்டிங் போட்ட மாதிரித் தெரியலை. இன்னொரு உண்மையும் சொல்லிடறேன். அண்ணன் வீட்டுச் சுவர்ல ஈரம் இறங்கினது கொடியால இல்லை, ரெண்டாவது மாடிக் கழிவுநீர்க் குழாய் ஒழுகுது. கொடி வெச்சாலும் சரி, எது வெச்சாலும் சரி, முதல்ல அதை அடைக்கணும். அடைக்காம மேல பிளாஸ்டிக் பாய் அடிச்சா, ஈரம் காயவே காயாது. கண்ணுக்கு மறைஞ்சிருக்கும், அவ்வளவுதான்.

கொசு. கொசு முட்டையிட தேங்கின தண்ணி வேணும். கொடியில தண்ணி தேங்காது. தொட்டிக்கு அடியில வைக்கற தட்டுல தேங்கும். இலை மறைவுல பகல்ல வந்து உக்காரும்கறது நிஜம்தான், இல்லைங்கலை. அதுக்குத்தான் காத்துப் போற மாதிரிக் கழிச்சு விடணும். பிளாஸ்டிக் புல்லுலயும் அதே கொசு உக்காரும். அதைக் கழிக்க முடியாது, தூசி படிஞ்சா துடைக்கவும் முடியாது.

பாம்பு. நான் பாம்பு இருக்கற ஊர்ல பொறந்தவன். பாம்பு கொடியைப் பார்த்து வராது, எலியைப் பார்த்து வரும். அந்தச் சந்துக் கடைசியில குப்பைப் பை கிடந்துச்சு, எலி வளையும் இருந்துச்சு.

வெற்றிலை வெக்கச் சொல்றதாலே பாக்கு, புகையிலை போடச் சொல்றேன்னு யாரும் கிளம்ப வேணாம். பாக்கு புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004லயே பட்டியல்ல சேர்த்துடுச்சு. அது எங்க ஊர்லயும் நிறைய வீட்டை அழிச்சிருக்கு, எங்க பெரியப்பா உட்பட. இலை வேற. சளிக்குக் கஷாயம், ரசத்துல ரெண்டு, பூஜைக்கு ரெண்டு, வர்றவங்களுக்குக் குங்குமத்தோட ரெண்டு. இதுக்கு உங்க வீட்டுச் சுவர்ல ஒரு கொடி போதும். நவராத்திரிக்கு கொலு வெக்கற வீட்டுல எத்தனை வெற்றிலை ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

அப்ப வீட்டுக்கு வீடு வளர்த்துட்டா உன் பொழைப்பு என்னாகும்னு அண்ணன் பையன் கேட்டான். "சித்தப்பா, உங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கறீங்களே." கேள்வி நியாயம்தான். எங்க பொழைப்பு ஏற்கெனவே ஆட்டம் கண்டாச்சு. கொடி இறக்கிக் கட்டத் தெரிஞ்ச ஆளுங்க எங்க பக்கம் விரல் விட்டு எண்ணற அளவுதான்; அதுல இளைசு யாரும் இல்லை. சோழவந்தான் வெற்றிலைக்கும் ஆத்தூர் வெற்றிலைக்கும் 2023ல் புவிசார் குறியீடு கொடுத்தாங்க, 2025ல் எங்க கும்பகோணம் வெற்றிலைக்கும் வந்துச்சு. சந்தோஷம். சட்டம் போட்டு மாட்டிக்கலாம். ஆனா கொழுந்துக்கும் முத்தலுக்கும் வித்தியாசம் தெரியாத ஜனத்துக்கு எந்தக் குறியீடு போட்டு என்ன? அந்தக் கல்யாணத்துலயே பார்த்தேன், தாம்பூலப் பையில தேங்காய் இருந்துச்சு, சாக்லேட் இருந்துச்சு. நான் கொண்டுபோன முப்பது கவுளியில பதினெட்டு கவுளி மண்டபத்து மூலையில சாக்கோட வாடிக் கிடந்துச்சு. வீட்டுச் சுவர்ல தினம் ஒரு துளிர் விடறதைப் பார்க்கற குழந்தை, நாளைக்குக் கடையில நல்ல வெற்றிலை எதுன்னு பார்த்து வாங்கும். எனக்கு அந்தக் கணக்குதான்.

ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி சந்தைப் போய்ப் பார்த்தேன். பாய் முழுக்க அடிச்சு முடிச்சிருந்தாங்க. பச்சை, ரொம்பப் பச்சை. கீழே ஒரு ஓரத்துல, வெட்டின இடத்துல, மண்ணுக்குள்ள இருந்த கணுவுலேர்ந்து சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு துளிர் வந்திருந்தது. அண்ணிகிட்ட காட்டினேன். "சத்தம் போடாதீங்க தம்பி"ன்னு சொல்லிட்டு, ஒரு பழைய பெயிண்ட் வாளியைக் கவுத்து அதுக்கு முன்னாடி வெச்சாங்க.

கொடி வேணும்கறவங்க தை பிறந்து வாங்க. அப்பதான் நடற பட்டம். வரும்போது ஒரு சாக்கு கொண்டாங்க, நனைச்சுச் சுத்தித் தர்றேன். காசு வேணாம். கூரியர்ல அனுப்பச் சொல்லாதீங்க, மூணு நாள் அட்டைப் பெட்டிக்குள்ள அடைச்சு வெச்சா வெந்து போகும். வரும்போது சுவரை மத்தியானம் ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க, என்ன வெக்கலாம்னு பார்த்துச் சொல்றேன்.